பின்பாரம்

கலியாணசுந்தரத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரைப் பற்றிப் பேச மட்டும் நன்றாகத் தெரியும். போருக்கு முன்பு வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் ரசீது எழுதிக்கொண்டிருந்த கிராணி அவர். ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்த மூன்றாவது மாதமே நாற்பது ஜப்பானிய வார்த்தைகளையும் கையில் ஒரு துணிப்பட்டையையும் சம்பாதித்துக்கொண்டு, காஜா பேராங்கில் ராணுவம் பறித்த மோட்டார்ப் பட்டறைக்கு மேலாளராக வந்து உட்கார்ந்துவிட்டார். ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று எலும்பாய்த் திரிந்த 1943-இல் அவர் மட்டும் நாற்காலி நெரியும்படி தொந்தியும் தொடையுமாக இருந்தார்.

அந்தப் பட்டறையில் வேலை தெரிந்தவன் தேவதாஸ். ரப்பர்த் தோட்டத்துத் துரை ஒருவன் பந்தயத்துக்கென்றே கட்டிய திறந்த கார் ஒன்று அங்கே கிடந்தது. நான்கு வருஷம் அதைப் பிரித்துப் பூட்டி, ஜொகூர் வரைக்கும் பந்தயத்துக்குக் கொண்டுபோனவன் தேவதாஸ்தான். கோப்பையைத் துரை வாங்கிக்கொள்வான். இவனுக்கு ஒரு பீர். முதல் குண்டு விழுந்ததும் துரை காரைப் போட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கு ஓடினான். எந்தப் பந்தயத்திலும் அவன் அவ்வளவு சீக்கிரம் கிளம்பியதில்லை.

ஏப்ரல் கடைசியில் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் பிறந்தநாள் வந்தது. பண்டார் ஹிலிர் திடலில் விளையாட்டுகள் நடத்த உத்தரவு. பட்டறைக்குப் பொறுப்பான கேப்டன் இவாசேவுக்கும் கடற்படை அதிகாரி ஒருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, திடலை ஒட்டிய கடலோரச் சாலையில் கார்ப் பந்தயம் என்று முடிவாயிற்று. முந்நூறு கஜம். நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும்.

"முந்நூறு கஜத்துல கிளம்புறதுதான் பந்தயமே, கிராணியார்," என்றான் தேவதாஸ். "முதல் நாலஞ்சு செகண்டுல முந்துறவன் ஜெயிச்சிடுவான்."

"மேனேஜர்னு சொல்லு."

"சரிங்க."

மேலாளர் காரைச் சுற்றி வந்து, வாலில் மாட்டியிருந்த உபரிச் சக்கரத்தைத் தட்டினார். "இதக் கழட்டு. பின்னால கனம் இருந்தா பின்னுக்கு இழுக்கும்."

"பின்சக்கரம்தாங்க காரைத் தள்ளுது. அதுமேல கனம் இருந்தாத்தான் ரோட்டைப் பிடிக்கும். வண்டி பாயுறப்ப பாரம் தானா பின்னால சாயும், அது நமக்கு நல்லது. பின்பக்கம் ஒண்ணுமே இல்லாம பண்ணிட்டா, சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும்."

"நீ எத்தனாவது வரைக்கும் படிச்ச?"

தேவதாஸ் ஸ்பானரை எடுத்தான்.

"நான் சீனியர் கேம்பிரிட்ஜ். டயர்ல காத்து நல்லா ஏத்து, கல்லு மாதிரி இருக்கணும். அப்பத்தான் துள்ளும். அந்த லாரி பம்பரை முன்னால மாட்டி ரெண்டு கொடி கட்டு. ஒரே மிதியா மிதிங்கன்னு கேப்டன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். எஞ்சின்ல தொண்ணூறு குதிரை இருக்குலா."

தொண்ணூறு குதிரைக்கும் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று தேவதாஸ் கேட்கவில்லை. மேலாளரின் மேசையில் ஒரு தாள் விரிந்தே கிடந்தது. சயாமில் ரயில்பாதை போட ஆள் அனுப்பும் பட்டியல் அது. பட்டறையிலிருந்து ஒருவன் போயாக வேண்டும். பெயர் எழுதும் பேனா அவருடையது. டயர் ஒட்டும் பொன்னுதுரை தேவதாஸின் முழங்கையை மெல்ல இடித்தான். இருவரும் மேலாளர் சொன்னதைச் செய்தார்கள்.

பிறந்தநாளன்று மாலை நாலு மணிக்கு ஊரையே திடலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், ஆளுக்கொரு காகிதக் கொடியோடு. கடல்காற்று சாலையில் மணலைத் தூவியிருந்தது. கடற்படை அதிகாரியின் வண்டி கனத்த பழைய சலூன். பின் இருக்கையில் அவருடைய ஆட்கள் இருவர் சும்மா சவாரிக்கு ஏறியிருந்தார்கள். கலியாணசுந்தரம் அதைப் பார்த்துச் சிரித்தார்.

கொடி இறங்கியது. கேப்டன் ஒரே மிதியாக மிதித்தார். பந்தயக் கார் அலறியது. பின்சக்கரங்கள் மணலையும் புகையையும் வாரி இறைத்தன, வால் இடமும் வலமும் ஆடியது, கார் மட்டும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. சலூனோ தொழுவத்திலிருந்து புறப்படும் பசுமாடு மாதிரி அலட்டாமல் கிளம்பிப் போயிற்று. கேப்டனின் சக்கரங்கள் சாலையைப் பிடித்தபோது அது பாதி தூரத்தைத் தாண்டியிருந்தது.

சிரிப்பை மறைக்க ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் கொடியை ஆட்டியது.

கேப்டன் திரும்பி வந்து இறங்கி, கலியாணசுந்தரத்தை இரண்டு கன்னத்திலும் அறைந்தார். நாற்பது வார்த்தைகளில் ஒன்றுகூட மேலாளரின் வாயில் வரவில்லை. விரல் மட்டும் தேவதாஸின் பக்கம் நீண்டது.

"ஏன்?" என்று கேப்டன் அரைகுறை மலாயில் தேவதாஸிடம் கேட்டார்.

அவனும் மலாயிலேயே சொன்னான். "சக்கரம் சுத்துது துவான், ரோட்டைப் பிடிக்கல. டயர்ல காத்து அதிகம். பின்னால கனம் இல்ல, முன்னால வேண்டாத இரும்பு. மிதிச்சதும் அதிகம்."

கடைசி வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அதன் ஆபத்து அவனுக்கு உறைத்தது. ஆனால் கேப்டன் கையை ஓங்கவில்லை.

"எவ்வளவு கனம் வேணும்?"

"ஒரு மூட்டை அரிசி அளவு."

அரிசி மூட்டையை ஊர் கண்ணால் பார்த்து வெகு நாளாகியிருந்தது. கேப்டன் திடலைச் சுற்றிப் பார்த்தார். எங்கும் எலும்பும் தோலும். அவர் பார்வை மெல்லத் திரும்பி, பக்கத்திலேயே வந்து நின்றது.

கலியாணசுந்தரத்தை உபரிச் சக்கரம் இருந்த இடத்தில் ஏற்றி உட்கார வைத்து, கயிற்றால் கட்டினார்கள். பொன்னுதுரை முடிச்சை இரண்டு தடவை இறுக்கினான்.

"மெதுவாப்பா."

"விழுந்துடக் கூடாதுல்ல, மேனேஜர்."

பிறகு அவன் பின்டயர்களின் பக்கத்தில் மண்டியிட்டு, காற்று சீறும் சத்தத்தைக் காதால் அளந்து இறக்கினான். தேவதாஸ் பம்பரைக் கழற்றித் தூர எறிந்தான். கேப்டன் கடற்படைக்காரரிடம் இன்னொரு ஓட்டம் என்று கத்திவிட்டு, "நீ ஓட்டு," என்று தேவதாஸிடம் சொல்லிப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

கொடி இறங்கியதும் தேவதாஸ் கிளட்சை முட்டையை வைப்பது போல விட்டான். வால் அமிழ்ந்தது. பின்டயர்கள் மணலுக்கடியில் இருந்த தாரைக் கவ்வியது அவன் முதுகுத்தண்டில் தெரிந்தது. கவ்வியதும் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம், பிறகு முழுவதுமாக மிதித்தான். இருக்கை அவனை முன்னால் தள்ளியது. ஓரக்கண்ணில் சலூன் சுருங்கி மறைந்தது. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அவன் சந்தோஷமாக இருந்தான். யாருக்காக ஓட்டுகிறோம் என்பது முந்நூறு கஜம் முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கேப்டனுக்கு ஒரு புட்டி சாராயம் பரிசு. தேவதாஸுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். கலியாணசுந்தரத்தை அவிழ்த்தபோது புகைக்குழாயின் கரி அவர் முகத்தில் அப்பியிருந்தது. கால்சட்டை பின்பக்கம் கிழிந்திருந்தது. மறுநாள் காலை அவர் தேநீர்க் கடையில் பேசியதைப் பலரும் கேட்டார்கள். "நான் பின்னால உட்காரலைன்னா கேப்டன் ஜெயிச்சிருக்க முடியுமா?"

அதே வாரம் அவர் சயாம் பட்டியலில் தேவதாஸின் பெயரை எழுதினார். கேப்டன் பார்த்துவிட்டு, இவன் ஓட்டுகிறவன் என்று அந்தப் பெயரை அடித்துவிட்டார். எண்ணிக்கை குறையக் கூடாது. கலியாணசுந்தரத்துக்குக் கயிற்று முடிச்சு ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் பொன்னுதுரையின் பெயர் ஏறியது.

விடிந்ததும் பொன்னுதுரையின் மனைவி அஞ்சலை தேவதாஸின் வாசலில் நின்றாள். "அண்ணே, சயாமுக்குப் போனவங்க யாரும் திரும்பலையே," என்றாள்.

தேவதாஸ் நேரே கேப்டனிடம் போனான். "துவான், பொன்னுதுரை இல்லாம இந்தக் கார் கிளம்பாது. அந்த டயர்ல எவ்வளவு காத்து வேணும்னு அவன் காதுக்குத்தான் தெரியும்."

பாதி பொய். பட்டறையில் காற்றழுத்தம் பார்க்கும் கருவி சுவரிலேயே தொங்கியது. அதைக்கூட அறியாத கேப்டன் தீவிரமாகத் தலையாட்டினார். தாளை இழுத்து வைத்துக்கொண்டு, வேறு யாரை எழுதுவது என்று யோசித்தார்.

"கிராணி? பின்னால கனத்துக்கு வேணுமே?"

தேவதாஸ் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. "ஒரு மணல் மூட்டை போதும், துவான்."

தம்பின் ரயில் நிலையத்துக்குப் போகும் லாரியில் கலியாணசுந்தரம் கைப்பட்டையோடேயே ஏறினார். தேவதாஸைக் கண்டதும் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "தேவதாஸ், கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுப்பா."

"சொல்லிட்டேன், கிராணியார்."

அதற்குப் பிறகு பந்தயம் எதுவும் நடக்கவில்லை, பெட்ரோல் தீர்ந்துபோயிற்று. ஒரு மனிதனை ஒரே வாக்கியத்தில் அனுப்பிவிட்டோமே என்ற உறுத்தல் மட்டும் தேவதாஸுக்குச் சில மாதம் இருந்தது, சோற்றில் கல் போல. அந்த வருஷக் கடைசியில் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் பட்டறைப் பக்கம் ஒதுங்கினான். கலியாணசுந்தரத்தைப் பற்றி விசாரித்தார்கள்.

"அவரா? அங்க கங்காணி ஆயிட்டாரு. நிழல்ல உட்கார்ந்துகிட்டு, பாலம் எப்படிக் கட்டணும்னு தச்சனுக்குப் பாடம் நடத்துறாரு."

பொன்னுதுரை தரையில் துப்பினான். தேவதாஸ் அன்று வீட்டுக்குப் போய், நிம்மதியாகச் சாப்பிட்டான்.