பன்னிரண்டு நாள் அடங்கியிருந்த ஓலம்

ஜுமுன்ஜின் துறைமுகத் தெருவில் பியோ ஜேகிலின் பட்டறைக்கும் பாங் தேசிக்கின் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சாலைதான். அன்று காலை ஜேகில் ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து வெளியே பார்த்தபோது, அந்தப் பக்கம் நீலநிற மீன் லாரி நின்றிருந்தது. மீதி ஷட்டரைத் தூக்க அவனுக்குக் கை வரவில்லை.

அது கூக் ஹ்வாரானின் லாரி. துறைமுகத்தில் தட்டைமீனை உயிரோடு தொட்டியில் ஏற்றிக்கொண்டு, மலை தாண்டித் தலைநகர் சோல் வரைக்கும் தானே ஓட்டிப் போகிற பெண்பிள்ளை. வயது நாற்பத்தெட்டு. புருஷன் போய்ச் சேர்ந்த வருஷமே ஸ்டியரிங்கைப் பிடித்தவள். அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக அந்த லாரியின் ஒரு நட்டைக்கூட ஜேகிலைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. வரும்போதெல்லாம் பாதி காய்ந்த கருவாட்டை ஒரு காகிதத்தில் சுற்றி அவன் மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள். ஐம்பத்தோரு வயதுவரை கல்யாணம் என்ற பேச்சே எடுக்காத ஜேகில், அந்தக் கருவாட்டுப் பொட்டலத்தை வைத்து மனசுக்குள் ஒரு வீடே கட்டி வைத்திருந்தான். வாய் திறந்து மட்டும் ஒன்றும் சொன்னதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் தேசிக் எதிரே கடை போட்டான். நாற்பது வயது. கையில் கருப்பு ரப்பர் உறை, சுவரில் பெரிய திரை, காற்றுக்குழாயில் புகை விட்டு ஓட்டை கண்டுபிடிக்கிற ஒரு மெஷின். வந்தவர்களுக்குக் காப்பி போட்டுத் தர இன்னொரு மெஷின். ஒருவர் பின் ஒருவராக அந்தப் பக்கம் போனபோதெல்லாம் ஜேகில், 'போகட்டும், திரும்பி வருவாங்க' என்று இருந்தான். ஆனால் ஹ்வாரான் போவாள் என்று அவன் நினைக்கவே இல்லை.

போனதற்குக் காரணம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த லாரி மேடேறும்போது ஓலமிடத் தொடங்கியது. சும்மா நிற்கும்போது ஒன்றுமில்லை. பாரத்தோடு மலை ஏறினால் மட்டும், ஆம்புலன்ஸ் தூரத்தில் வருகிற மாதிரி ஒரு ஊளை. ஜேகில் ஒரு தடவை ஆக்சிலேட்டரை மிதித்துக் கேட்டான். "டர்போ போச்சு" என்றான். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற அந்தப் பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டான். பன்னிரண்டு நாள் சத்தமே இல்லை. பதின்மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது. அதை அவனிடம் வந்து சொல்லாமல் எதிர்க்கடைக்குப் போயிருக்கிறாள்.

ஜேகில் ஒரு பழைய வேனின் அடியில் படுத்துக்கொண்டு, செய்ய வேலை எதுவும் இல்லாமல், அங்கிருந்து சாலையைத் தாண்டி ஹ்வாரான், தேசிக் இருவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய ரப்பர் பூட்ஸ். அவனுடைய வெள்ளை ஷூ. வெள்ளை ஷூ போட்டவன் மெக்கானிக்கா? இரண்டு தடவை அவள் சிரிப்பது கேட்டது. ஒன்பது வருஷத்தில் தன் பட்டறையில் அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்திருக்கிறாளா என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை.

பத்து மணிக்கு வெள்ளை ஷூ சாலையைக் கடந்து அவன் தலைமாட்டில் வந்து நின்றது.

"அண்ணே, ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா?"

"கேக்குது, சொல்லு."

"அக்கா லாரிதான். டர்போ சுத்தமா இருக்கு, ஆட்டமே இல்ல. புகை விட்டுப் பாத்துட்டேன், எங்கயும் கசியல. நின்ன எடத்துல சத்தமும் வர மாட்டேங்குது. நீங்க மாத்துனப்ப பன்னெண்டு நாளு நின்னுச்சாமே? அப்ப டர்போவத் தவிர வேற எதையாச்சும் தொட்டீங்களா?"

'அக்கா' என்ற அந்த ஒரு சொல்லில் தேன் சொட்டியது. ஜேகிலுக்குப் பல் கூசியது. அதே நொடியில் அவனுக்குப் பளிச்சென்று விஷயம் விளங்கியும் விட்டது. டர்போவைக் கழற்றும்போது அதிலிருந்து போகிற தடித்த ரப்பர் ஹோஸையும் கழற்றினான். திரும்ப மாட்டும்போது அது கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தது. அப்படியே விட்டு, கிளிப்பை இறுக்கினான். ஹோஸ் முனையில் ஒரு வெடிப்பு இருந்து, அது கிளிப்புக்கு அடியில் போய் அமுங்கியிருந்தால்? லாரி ஆடி ஆடி, பன்னிரண்டு நாளில் ஹோஸ் பழைய இடத்துக்கே நகர்ந்திருந்தால்? சூடேறி உள்ளே காற்றழுத்தம் கூடினால்தான் அந்த வெடிப்பு வாய் திறக்கும். குளிர்ந்த இன்ஜினில் லேசாகப் புகை விட்டால் எங்கே தெரியப்போகிறது!

அப்படியென்றால் அன்றைக்குக் கழற்றிப் போட்ட டர்போ நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

"வேற எதையும் தொடல" என்றான் ஜேகில், வேனின் அடியிலிருந்தே.

"சரிண்ணே" என்று வெள்ளை ஷூ திரும்பிப் போயிற்று.

மதியம் ஹ்வாரானே வந்தாள். வாசலில் நின்றபடி, உள்ளே வராமல், "என்ன முதலாளி, மொகம் ஏன் இப்படி வெந்துபோயிருக்கு?" என்றாள்.

"எனக்கென்ன. நல்லாத்தான் இருக்கேன். காப்பி குடிச்சாச்சா?"

"குடிச்சேன். நல்லா இருந்துச்சு. நீங்க தர்றது சர்க்கரைத் தண்ணி."

"ஒம்போது வருஷமா அந்தச் சர்க்கரைத் தண்ணியத்தான குடிச்சீங்க."

"அதான் சொல்றேன்" என்று சிரிக்காமல் சொன்னாள். "இன்னிக்கு பாரம் ஏத்தியாச்சு. தேசிக்கும் கூட வர்றான், தேக்வால்யோங் மேட்டுல சத்தம் வர்றப்பக் கேக்கணுமாம். உச்சியில எறங்கி பஸ்ஸுல திரும்பிடுவான்."

கேபினில் அவளும் அவனும் மட்டும், பழைய மலைப்பாதையில், ஒரு மணிநேரம். ஜேகில் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். "நானும் வர்றேன். டர்போ போட்டது நானு. எனக்கும் கேக்கணும்."

ஹ்வாரான் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்க. டிக்கெட்டெல்லாம் கெடையாது."

அவன் டூல் பையை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் தேசிக் ஏறி நடு சீட்டில் உட்கார்ந்துவிட்டான். ஜேகில் கதவோரம் ஒடுங்கிக்கொண்டான். கியர் மாற்றும்போதெல்லாம் அவள் கை தேசிக்கின் முழங்காலை உரசியது. ஒவ்வொரு தடவையும், "மன்னிச்சுக்க தம்பி" என்று அவள் சொன்னாள். "பரவால்லக்கா" என்று தேசிக் சொன்னான். ஜேகில் ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். இந்த மலைப்பாதையில் இத்தனை வளைவு இருப்பது, அதனால் இத்தனை கியர் மாற்ற வேண்டியிருப்பது, அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஏழாவது வளைவில் ஓலம் வந்தது. முதலில் மெல்லிய விசில். அப்புறம் அது ஏறி ஏறி ஊளையாயிற்று. லாரியின் இழுவை குறைந்தது. பின்னால் வந்த டூரிஸ்ட் பஸ் ஹாரன் அடித்தது.

"சைலன்சர் பக்கமா இருக்குமோ?" என்று தேசிக் காதைத் தரையோரம் சாய்த்தான். "மூட்டுல இருக்குற கேஸ்கெட்டு வழியா ஊதுது போல."

சத்தம் விசிலாகத் தொடங்கி ஊளையாவது ஜேகிலுக்குத் தெளிவாகக் கேட்டது. ரப்பர் உதடு பிரிந்து காற்று பீய்ச்சுகிற சத்தம்தான். சந்தேகமே இல்லை. அதைச் சொல்லாமல் வைத்திருந்து, எல்லோர் முன்னாலும் தன் கையால் எடுத்துக்காட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது அவன் மனசில் இருந்தது.

பஸ் அவர்களை முந்தப் பார்த்து, எதிரே கார் வரவும் பிரேக் அடித்து, லாரியின் பின்பக்கத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் வந்து நின்றது. ஹ்வாரானின் முகம் வெளிறிப்போயிற்று. அரைகுறை வேகத்தில் உச்சிவரை இழுத்துக்கொண்டுபோய், பழைய ஓய்விடத்தில் நிறுத்தினாள். மூன்று பேரும் இறங்கினார்கள். இன்ஜின் தெரியும்படி கேபினை முன்னால் சாய்த்தார்கள். சூடு முகத்தில் அடித்தது.

தேசிக் டார்ச்சை எடுப்பதற்குள் ஜேகில் கையுறை மாட்டிக்கொண்டு அந்த ஹோஸின் அடியில் விரலை விட்டான். வெளியே எடுத்தான். கையுறை நுனியில் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு.

"வெடிப்பு இங்க இருக்கு. காத்தோட சேந்து எண்ணெயும் தெறிச்சிருக்கு, பாருங்க."

ஹ்வாரான் குனிந்து பார்த்தாள். "அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாளு?"

தேசிக் ஹோஸைப் பார்க்கவில்லை. ஜேகிலையே பார்த்துக்கொண்டிருந்தான். கேலியில்லாமல், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு, "கை நேரா அங்கயே போச்சேண்ணே?" என்றான்.

ஹ்வாரான் ஹோஸிலிருந்து நிமிர்ந்து ஜேகிலைப் பார்த்தாள்.

"காலையில இவன் உங்ககிட்ட வந்து கேட்டான்ல" என்றாள் ஹ்வாரான் மெதுவாக. "அப்பவே தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியும் இருப்பாள். ஆனால் அந்த பஸ் இன்னும் அவன் கண்ணிலேயே இருந்தது.

"தெரியும். அவன் கேட்டப்பத்தான் விளங்குச்சு. டர்போ நல்லாத்தான் இருந்துருக்கு. நான்தான் அவசரப்பட்டு மாத்திட்டேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"இவன் கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு."

"அதுக்காக என்னை அந்த வளைவுல ஏத்துனீங்களா? மேல எரநூறு மீனு, பின்னால ஒரு பஸ்ஸு ஆளுங்க! உங்க ரெண்டு பேரு சண்டைக்கு என் லாரிதான் கெடச்சுதா?"

"நான் எங்கக்கா சண்ட போட்டேன்?" என்றான் தேசிக்.

"நீ வாய மூடு. ரெண்டு பேரும் முதல்ல வேலையப் பாருங்க. எனக்கு சோல்ல ஆறு மணிக்கு ஆளு நிக்கும்."

வேலை பார்த்தார்கள். வெடித்த முனையை இரண்டு விரல் அளவுக்கு ஜேகில் கத்தியால் அறுத்தெடுத்தான். மீதி ஹோஸ் எட்டாமல் அடம்பிடித்தது. தேசிக் கீழே படுத்து அதை முழங்கையால் தள்ளிப் பிடித்துக்கொள்ள, ஜேகில் கிளிப்பை இறுக்கினான். வெள்ளை ஷூ கறுப்பாயிற்று. ஹ்வாரான் கேபினை இறக்கினாள். ஏறி உட்கார்ந்தாள். இருவரில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சோல் போகிற வழியில் வோன்ஜு பக்கமாகப் போய்விட்டாள்.

பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. தேசிக் கடையில் சுட்ட உருளைக்கிழங்கு வாங்கி வந்து நீட்டினான். ஜேகில் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அப்புறம் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? காலையில அவங்க வந்ததுலேருந்து உங்களப் பத்திதான் பேச்சு. முதலாளி இப்படிப் பண்ணுவாரு, முதலாளியா இருந்தா காதுலயே கண்டுபிடிப்பாரு. அதே சத்தத்துக்கு ரெண்டாவது தடவையும் உங்ககிட்டயே வந்து நின்னா உங்களுக்கு அவமானமா இருக்கும்னுதான் என்கிட்ட வந்தாங்களாம். சிரிச்சுச் சிரிச்சு உங்க கதையாத்தான் சொன்னாங்க. எனக்கு எப்படி இருந்துருக்கும்?"

"எப்படி இருந்துச்சு?"

"வயித்தெரிச்சலா இருந்துச்சு" என்றான் தேசிக், கிழங்கை ஊதிக்கொண்டே.

ஜேகிலுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் குபுக்கென்று வந்தது. அதைத் தானே கெடுத்துக்கொண்டோமே என்ற நினைப்பு பின்னாலேயே வந்து அதை அமுக்கியது.

பஸ் வரும் நேரத்தில் போன் அடித்தது. தேசிக்கின் போன். ஜேகில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சரிக்கா... ஆமாக்கா... தர்றேன்" என்று சொல்லி தேசிக் போனை அவனிடம் நீட்டினான்.

"சத்தம் இல்ல" என்றது ஹ்வாரானின் குரல். "ஹ்வெங்சோங் மேட்டுலயும் இல்ல."

"சரி."

"என்ன சரி? உங்க போன் ஏன் அணைஞ்சு கெடக்கு? மூணு தடவ அடிச்சேன்."

ஜேகில் பையைத் தடவினான். சார்ஜ் தீர்ந்திருந்தது.

"எனக்கு இன்னும் கோவம் போகல. செவ்வாக்கெழம அங்க வருவேன். இன்னிக்குச் சொன்னத திரும்ப என் மொகத்தப் பாத்துச் சொல்லணும். அவன் இல்லாதப்ப. ஏன் அவன் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு நெனச்சீங்கன்னும் சொல்லணும். அந்தப் பாதியச் சொல்லவே இல்ல நீங்க."

"சொல்றேன்" என்றான் ஜேகில்.

போனைத் திருப்பிக் கொடுத்தான். பஸ் வந்து நின்றது. ஏறி, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"என்னண்ணே சொன்னாங்க?" என்றான் தேசிக்.

"சத்தம் நின்னுருச்சாம்" என்றான் ஜேகில். மீதியை அவன் யாரிடமும் சொல்வதாக இல்லை.