பிடிஎஃப் இருக்கா அக்கா

நாலு வருடமாக நான் புத்தகங்களைப் பற்றி இன்ஸ்டாகிராமில் எழுதுகிறேன். இந்த நாலு வருடத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி, கதை நன்றாக இருக்கிறதா என்பதல்ல. "பிடிஎஃப் இருக்கா அக்கா?" அதுதான். ஓசியில் படிக்கக் கோப்பு வேண்டுமாம். முப்பது வரி மெனக்கெட்டு எழுதியிருப்பேன். அடுத்த நிமிடமே ஒருத்தி வந்து இதைக் கேட்டுவிட்டு, மூன்று இதயம் போட்டுவிட்டுப் போவாள். வயிறு எரியும். இல்லை, கிடையாது, வாங்கிப் படி என்று பதில் எழுதியே என் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. யாராவது திருட்டுக் கோப்பை எனக்கே அனுப்பினால் உடனே அழித்துவிட்டு, அனுப்பியவர் பெயரைப் போட்டு நாலு பேர் பார்க்கத் திட்டுவேன். அந்த விஷயத்தில் எனக்கு ஈவிரக்கம் கிடையாது.

என் பக்கத்தின் பெயர் 'ஜன்னல் சீட்'. சித்தூரைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் ஊர். வேலை திருப்பதியில், ஒரு தனியார் மருத்துவமனையின் பில் கவுண்டரில். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். இந்த ஐந்து மணி நேரத்தில் நான் படிப்பதெல்லாம் மாயாஜாலக் கதைகளும் காதல் கதைகளும். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதுவதை இருபத்தொன்பது வயதில் படிக்கிறாயே என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். பள்ளியில் நான் படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்தை வேலூர் பஸ்ஸில் வரும் வார இதழ்களை வைத்து நானாகக் கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்றதை எனக்குப் பிடித்ததைப் படிக்கத்தான் செலவழிப்பேன்.

ஆனால் பிடித்த மாதிரி எழுதுகிறார்களா என்றால், அங்கேதான் கடுப்பு. இளவரசனுக்கு வயது முந்நூறு, நடத்தை மட்டும் இன்டர் செகண்ட் இயர், அதாவது பிளஸ் டூ, பையனுடையது. கதாநாயகிக்குத் தோளில் கட்டாயம் ஒரு மச்சம், அது கடைசி அத்தியாயத்தில் ஒளி விடும். வில்லன் சித்திரை வெயிலில் தலையிலிருந்து கால் வரை கறுப்புப் போர்வையோடு திரிவான். அவனுக்கு வேர்க்காதா என்று ஒரு எழுத்தாளரிடம் கேட்டேன். அவர் என்னை பிளாக் செய்துவிட்டார்.

நட்சத்திரம் போடும் வழக்கத்தை முதல் வருடமே விட்டுவிட்டேன். மூன்று போட்டால் எழுதியவரின் மச்சான் வரைக்கும் சண்டைக்கு வருகிறார்கள். அதனால் அட்டைப்படத்தின் மேல் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதி ஒரு கார்டு போடுவேன். 'தூக்கம்.' 'பரவாயில்லை.' 'இழுவை.' 'கண்ணீர்.' அதுதான் என் தீர்ப்பு. கீழே விளக்கமாக எழுதுவேன், ஆனால் அதை யாரும் திறப்பதில்லை. படத்தை மட்டும் எடுத்துப் பரப்புவார்கள். இப்போது ஆறாயிரத்து எழுநூறு பேர் என் ஒற்றைச் சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகம் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். அந்த நினைப்பில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

வீட்டில் அந்தத் தலைக்கனம் செல்லாது. என் அம்மா பாப்பாத்தி, நான் சாப்பிட உட்கார்ந்தும் போனில் சண்டை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, "துன்ற நேரத்துல இன்னாமே அது? யாரோ எழுதறான், யாரோ படிக்கிறான், நடுவுல இந்த தலவலி உனுக்கு அவசரமா?" என்பாள். நியாயமான கேள்விதான்.

பிரித்திகா வந்தது போன ஆவணியில். விழுப்புரத்துப் பெண், வயது இருபத்திரண்டு. ஆந்திராவுக்கு வந்து ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சூளூர்பேட்டையில் ஹாஸ்டல். மூன்று வருடம் எழுதிய முதல் நாவலைச் சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டிருந்தது. தலைப்பு 'ஏரிக்கடியில் ஏழு வாசல்'. புத்தகத்தைத் தபாலில் அனுப்பிவிட்டு, "நல்லா இல்லன்னா நேராச் சொல்லிடுங்கக்கா. நீங்க சொல்றதப் பாத்துட்டுத்தான் ரெண்டாம் பாகம் போடுறதான்னு பதிப்பகத்து சார் முடிவு பண்ணுவாராம்" என்று செய்தி போட்டாள். சரி, இன்னொரு மச்சம், இன்னொரு போர்வை என்று நினைத்துக்கொண்டுதான் பிரித்தேன்.

மச்சமும் இல்லை, போர்வையும் இல்லை. வலசைப் பறவைகளோடு ஏரிக்கு வரும் ஒரு பையன், கரையில் கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பெண். அவன் கரையில் தங்கும் ஒவ்வொரு நாளும் அவன் மொழியிலிருந்து ஒரு சொல் அவனுக்கு மறந்துபோகும். அதுதான் அவன் கொடுக்கும் விலை. 'அம்மா' போகிறது, 'நீர்' போகிறது, அவளை முதன்முதலாகக் கூப்பிட்ட சொல்லும் போகிறது. முதல் பாகம் முடியும்போது அவனிடம் ஒரே ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. அது என்ன என்று அவள் எழுதவில்லை. திருப்பதியில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப்போய், கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஆட்டோவில் திரும்பி வந்தேன். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு என்று இரண்டு வாயோடு வளர்ந்தவள் நான். அந்தப் பையனின் கஷ்டம் எனக்குப் புரிந்த மாதிரி யாருக்கும் புரிந்திருக்காது என்று தோன்றியது.

என்ன சொல் போடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். 'அருமை' என்று போட்டால் சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கும். கடைசியில், சோற்றுக்கும் தண்ணீருக்கும் சொல்கிற சொல்லையே இந்தப் புத்தகத்துக்குப் போட்டேன். இதுவரை எதற்கும் போடாத சொல்.

'அவசரம்.'

கார்டு பறந்தது. ஒரே நாளில் அறுநூறு பேர் பகிர்ந்தார்கள். "நேர்மையான விமர்சனம்", "தைரியமாச் சொல்லிட்டீங்க", "நன்றிக்கா, முடிவு பண்ணிட்டேன்" என்று வரிசையாகப் பாராட்டு. அதைவிட ஆச்சரியம், ஒருத்திகூட பிடிஎஃப் கேட்கவில்லை. எல்லோரும் காசு கொடுத்தே வாங்குகிறார்கள் போலிருக்கிறது என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிரித்திகாவிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. கார்டு போடுவதற்கு முந்தைய நாள்தான் இரண்டாம் பாகத்தை வாட்ஸப்பில் பிடிஎஃப் ஆக அனுப்பியிருந்தாள். "சாருக்குக்கூட இன்னும் அனுப்பல. முதல்ல நீங்க படிங்கக்கா" என்று குழைந்தவள், கார்டுக்குப் பிறகு வாயே திறக்கவில்லை. நான் அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக். கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன், இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது வாரம் எனக்குப் பொங்கிவிட்டது. காரியம் ஆனதும் கழற்றிவிட்டாள் பார், இவளுக்காகவா இறங்குகிற இடத்தைத் தாண்டிப்போனோம் என்று ஆத்திரம். அவள் அனுப்பிய கோப்பை நான் இன்னும் திறக்கவே இல்லை. அவள் நன்றி சொன்ன பிறகு படிக்கலாம் என்று வீம்பு. கவுண்டரில் உட்கார்ந்தபடியே அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்தேன். மேலே குப்பைத்தொட்டிப் படம் வந்தது. அதற்குள் யாரோ பில்லை நீட்டினார்கள், போனைக் கீழே வைத்தேன். அழுத்தினேனா இல்லையா என்று பிறகு எனக்கே நினைவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டேன். தெரியாத எண் என்பதால் எடுத்துவிட்டாள்.

"நான் கன்னிகா பேசறேன். வெச்சிடாத. ஒரு நன்றி சொல்றதுக்குக்கூட உனுக்கு மனசு வரல இல்ல?"

"நன்றியாக்கா? மூணு வருஷம் எழுதினேன். காலேஜ் பஸ்ல எழுதினேன், கம்பெனி பஸ்ல எழுதினேன். நீங்க ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க. நல்லா இல்லன்னு போட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

"இன்னாடி பேசிக்கினு கீற? அதுக்கு மேல பெரிய வார்த்தை என்கிட்ட இல்ல. வேற எந்தப் புக்குக்குனா அத்தப் போட்டுக்கிறனா நானு?"

"அதத்தான் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிறாங்க. இதுவரைக்கும் யாருக்கும் போடாத வார்த்தையாம். பதிப்பகத்துல சார், ரெண்டாம் பாகம் இப்ப வேணாம்மா, அவசரப்படாம நிதானமா எழுதுன்னு சொல்லிட்டாரு. நான் அவசரப்படலக்கா. மூணு வருஷம்."

அழுகிறாள் என்று தெரிந்தது. ஏன் அழுகிறாள் என்றுதான் தெரியவில்லை. புகழ்ந்ததற்கு அழுகிறவளை என்ன செய்வது? எனக்கு இன்னும் கோபம் ஏறியது. வாயைத் திறப்பதற்குள் கவுண்டர் துளை வழியாக ஒரு பெரியவர் காகிதங்களை நீட்டினார். ரங்கையா என்று பில்லில் பெயர் இருந்தது. மனைவியை டிஸ்சார்ஜ் செய்து கூட்டிப்போக நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், ஆதார் ஜெராக்ஸ் அவசரமா?"

"அவசரம் லேதண்டி, போன் நம்பர் சாலு" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, திரும்பவும் ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"அவரு இப்ப உங்கள என்ன கேட்டாரு?" என்றாள் பிரித்திகா. அழுகை நின்றிருந்தது.

"ஆதார் ஜெராக்ஸ் வேணுமான்னு கேட்டாரு. அது இப்ப இன்னாத்துக்கு உனுக்கு?"

"அவசரமான்னுதானே கேட்டாரு?"

"ஆமா. அவசரமான்னா வேணுமான்னு. வேணாம், தேவையில்ல, போன் நம்பர் போதும்னு சொன்னேன்."

சொல்லி முடித்ததும் என் காது எனக்கே அடைத்துக்கொண்டது. 'அவசரமாக ஓடினாள்' என்று கதைகளில் நூறு தடவை படித்திருக்கிறேன். 'உப்பு அவசரம், மாத்திரை அவசரம்' என்று வீட்டிலும் கடையிலும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். முன்னது தமிழ், பின்னது தெலுங்கு. இரண்டும் என் வாயில் ஒன்றாகவே குடியிருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று இருபத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. நான் 'இது இல்லாமல் முடியாது' என்று போட்டேன். அறுநூறு பேரும் 'அரக்கப்பரக்க எழுதியது' என்று படித்து, எனக்கு நேர்மைப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

"தேவைன்னு போட்டேன் கண்ணு" என்றேன். "நம்ம பசங்களுக்கு இந்த மாதிரி ஒரு புக்கு தேவைன்னு. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். கீழ எல்லாம் எழுதியிருந்தனே. நீகூட படிக்கலயா?"

"அந்த வார்த்தையைப் பாத்ததுக்கப்புறம் கீழ எப்படிக்கா படிப்பேன்?" பிறகு திடீரென்று, "அய்யோ, எங்க வார்டன் ரத்னம்மா" என்றாள். "மார்கழி பூராவும் வந்து, இன்னொரு கம்பளி அவசரமான்னு கேட்டுச்சு. அவசரமில்ல, மெதுவாக் குடுங்கன்னு தினமும் சொன்னேன். கடைசிவரைக்கும் குடுக்கவே இல்ல. நடுங்கியே செத்தேன்."

சிரிக்க ஆரம்பித்தாள், நானும் சிரித்தேன். வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். ஆனால் எனக்குச் சிரிப்பு நிலைக்கவில்லை. ஆந்திராத் தமிழ் என்று தமிழ்நாட்டில் சிரிப்பார்கள், தமிழையே 'அரவம்' என்று சொல்லி இங்கே சிரிப்பார்கள். அதெல்லாம் எனக்குப் பழக்கம். ஆனால் என் வாய் இப்படி இன்னொருத்தியின் மூன்று வருடத்தைக் கெடுக்கும் என்று நான் நினைத்ததில்லை. நாலு வருடமாக ஊரார் எழுத்தில் நொட்டை சொன்னவளுக்குத் தன் ஒரு சொல்லைச் சரியாக எழுதத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"இப்பவே கார்டை மாத்தறேன். தப்பு என்னுதுன்னு போடறேன். பதிப்பகத்துக்கும் நானே பேசறேன். நீ ரெண்டாம் பாகத்த அவருக்கு அனுப்பு."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது இல்லக்கா."

"இல்லன்னா?"

"அழிச்சிட்டேன். போன்ல எழுதினது எல்லாத்தையும். அன்னிக்கு வந்த கோபத்துல உங்க சாட்டையும் சேத்து அழிச்சிட்டேன். வேற காப்பி எங்கயும் இல்ல." கொஞ்சம் தயங்கினாள். நான் எப்படிப்பட்டவள் என்று என் பக்கத்தைப் படித்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். "அக்கா, திட்டாதீங்க. நீங்க பாத்த உடனே அழிக்கிற ஆளுன்னு தெரியும். அந்தப் பிடிஎஃப் இருக்கா?"

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு என் போனை எடுத்தேன். குப்பைத்தொட்டிப் படம் கண் முன்னால் வந்து நின்றது. அழுத்தினேனா? "மேடம், டோக்கன் நாற்பத்திரண்டு" என்று யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அவள் பெயரைத் தேடித் திறந்தேன். என் கோபச் செய்திகள், ஒற்றை டிக், ஒற்றை டிக், ஒற்றை டிக். வாழ்க்கையில் எந்தக் கதையின் கடைசிப் பக்கத்தையும் நான் இப்படிப் பயந்து புரட்டியதில்லை. இன்னும் மேலே தள்ளினேன். ஆவணி மாதத் தேதி. சிவப்புச் சதுரம். 'ஏழு வாசல் பாகம் 2.'

"அவசரமா?" என்று கேட்டேன்.

"உங்க ஊர் அவசரம்க்கா" என்றாள்.

"இருக்கு" என்றேன். நாலு வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் அப்படிப் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.