எந்த ஊர்ப் பிறை

பதினோரு வருஷத்தில் பதினான்கு நாடு பார்த்தாயிற்று. என் தங்கை மெர்வத்திடம் இதைச் சொன்னால், "உனக்கென்ன, கொடுத்துவெச்சவ" என்பாள். அவளுக்கு நான் அனுப்புகிற படங்களில் நானும் ஹாஸெமும் தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்போம். படம் எடுத்து முடித்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

எங்களுக்குச் சொந்த ஊர் எகிப்தில் மன்சூரா. ஹாஸெம் என் கணவன், ஓமானில் சொஹார் நகரத்துப் பள்ளியொன்றில் இயற்பியல் வாத்தியார். நான் மன்சூராவில் அரசு சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். இருந்தேன் என்று சொல்ல வாய் வராது, ஏனென்றால் வேலையை நான் விடவில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கிற கணவனோடு போய் இருக்க எங்கள் அரசாங்கம் சம்பளமில்லாத விடுப்புத் தரும். வருஷா வருஷம் அதை நீட்டிக்க வேண்டும். மெர்வத்தான் எனக்காக அலுவலகத்தில் கால் கடுக்க நின்று பத்து தடவை நீட்டித்துக் கொடுத்தாள்.

ஓமானில் மருந்தாளுநர் வேலைக்குத் தனியாக ஒரு பரீட்சை எழுத வேண்டும். வந்த புதிதில் புத்தகமெல்லாம் வாங்கிவிட்டேன். "எதுக்கு வீண் வேலை? ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடப்போறோம்" என்றான். இரண்டு வருஷம் போனது, மறுபடியும் அதையே சொன்னான். மாடி வீட்டு சூடான்காரி அஸ்ஹார் என்னைத் தன் தையல் வகுப்புக்குக் கூப்பிட்டபோதும் இதே பல்லவிதான். அஸ்ஹாரும் பிறகு கார்ட்டூமுக்குப் போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. காலை ஆறரைக்கு அவன் கிளம்பினால் மூன்று மணி வரை அந்த வீட்டில் பேசுகிற ஒரே ஆள் தொலைக்காட்சிதான். சாயங்காலம் அவன் விடைத்தாளோடு ஒரு அறையில், நான் இன்னொன்றில்.

அதற்கு ஈடாகத்தான் இந்தப் பயணங்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். பள்ளி விடுமுறை விட்டால் போதும், ஹாஸெமுக்குக் கை பரபரக்கும். எந்த ரயில், எத்தனை மணிக்கு, எந்த வாசல், எல்லாம் கட்டம் போட்டு எழுதி என் கையிலும் ஒரு பிரதி கொடுப்பான். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் பேசுவான், பஸ்ஸைப் பற்றி, பாலத்தின் நீளத்தைப் பற்றி. மூன்றாம் நாள் பேச்சு தீர்ந்துவிடும். ஹனோயில் ஒருமுறை அவன் படுத்துத் தூங்குகையில் நான் கீழே இறங்கி, கூடையோடு உட்கார்ந்திருந்த பழக்காரியிடம் கால் மணி நேரம் அரபியில் பேசினேன். அவள் அவளுடைய மொழியில் பதில் சொன்னாள். முழங்கால் வலியைச் சொன்னேன், அம்மா போனதைச் சொன்னேன். அவளும் என்னவோ சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அந்த வருஷம் நான் பேசிய நல்ல பேச்சு அதுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

இந்த வருஷம் ஜூனோடு எல்லாம் முடிகிறது என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அவன் ஒப்பந்தமும் ஜூனில்தான் முடிகிறது. அதை நம்பி நான் விடுப்பை நீட்டிக்கவில்லை. ஜூலை முதல் தேதி வேலையில் சேருவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மன்சூராவில் எங்கள் வீட்டுக்கு மெர்வத் வெள்ளையடிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். நான் சொஹாரில் சமையல் சாமான் வாங்குவதைக்கூட நிறுத்திவிட்டேன். ஒரு மிளகாய்ப்பொடி டப்பா தீர்ந்தாலும் அப்படியொரு சந்தோஷம்.

ஏப்ரலில், ரமலான் நோன்பின் கடைசி வாரம் விடுமுறை விட்டார்கள். நேபாளத்தில் பந்திபூர் என்று மலைமேல் ஒரு சின்ன ஊரைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். அறையைத் திறந்தால் எதிரே பனிமலை தெரியும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனான். நாங்கள் போன அன்றிலிருந்து ஒரே புகைமூட்டம், எதிர் வீட்டுக் கூரையே மங்கலாகத்தான் தெரிந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளிவாசல் கண்ணில் படவில்லை. பாங்கு சத்தம் எங்கள் போனில் மட்டும்தான்.

இருபத்தொன்பதாவது நோன்பைத் திறந்து, விடுதிக்கார அம்மா கொடுத்த பருப்பும் சோறும் சாப்பிட்டோம். ஓமானில் பிறை தெரியவில்லை, நாளைக்கும் நோன்புதான் என்று அவன் போனில் செய்தி வந்தது. நான் ராத்திரித் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டுகிற நேரத்தில் மெர்வத் கூப்பிட்டாள். எடுத்ததுமே குலவை! எகிப்தில் பிறை பார்த்தாயிற்று, நாளைக்குப் பெருநாள்.

"ஹாஸெம்! நாளைக்குப் பெருநாளாம்!" என்று குதித்தேன்.

"ஊர்ல" என்றான், போனிலிருந்து தலையைத் தூக்காமல். "நமக்கு நாளை மறுநாள்."

 முன்னொரு பயணத்தில், சமர்கந்தில், இதே மாதிரி ஓமானுக்கு ஒரு பிறை, எகிப்துக்கு ஒரு பிறை என்று ஆனபோது, நான்தான் ஓமானைப் பார்ப்போம் என்றேன். அவன் என்னைப் பிடிபிடியென்று பிடித்தான். "சோறு போடுற ஊரு வேற, பிறை பாக்குற ஊரு வேற. நாம மன்சூராக்காரங்க" என்று பிரசங்கமே பண்ணினான். அன்று அவன் பேச்சைக் கேட்டு அவனோடு சேர்ந்து எகிப்துப் பெருநாளே கொண்டாடினேன்.

"வாத்தியாரே, சமர்கந்துல என்ன சொன்னே?"

"அப்ப ஏதோ சொன்னேன். இருக்கிற ஊர்ப் பிறைதான் சரி. தூங்கு."

"இருக்கிறது நேபாளம்."

"தலையைத் தின்னாதே நாஹித்."

விடிந்தபோது அவன் தனியாக எழுந்து, நோன்புக்காகச் சஹர் சாப்பிட்டிருந்தான், ரொட்டித் துணுக்கு மேஜைமேல் கிடந்தது. நான் குளித்து, சொஹாரில் தைத்த பச்சைப் பாவாடையைக் கட்டி, பால்கனியில் நின்று 'அல்லாஹு அக்பர்' என்று பெருநாள் தக்பீர் சொன்னேன். ஊரிலென்றால் பெருநாள் காலையில் திடல் முழுக்கச் சனம் நின்று ஒரே குரலில் சொல்லும். இங்கே என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. இரண்டு ரக்அத் பெருநாள் தொழுகை தொழுது முடித்து, நான் சுட்டுக் கொண்டுவந்த சர்க்கரை தூவிய கஹ்க் பிஸ்கட்டைத் தட்டில் வைத்து அவன் முன்னால் நீட்டினேன்.

"நான் நோன்பு" என்றான்.

"பெருநாள் அன்னிக்கு நோன்பு வெக்கிறது ஹராம்."

"பெருநாள் நாளைக்கு. இன்னிக்குத் திங்கிறதுதான் ஹராம்."

"அப்ப நம்மள்ல ஒருத்தர் நரகத்துக்கு. பயணத்துக்கு நீதானே கட்டம் போடுவே, அதையும் போட்டு வெச்சுக்கோ."

அவன் சிரிக்கவில்லை. ஒரே அறையில் ஒருத்திக்குப் பெருநாள், ஒருத்தனுக்கு நோன்பு. நானே தின்றேன். வாயில் போட்ட கஹ்க் மாவாகவே நின்றது, இறங்கவில்லை.

ஊரில் பொழுது புலர்ந்ததும் மெர்வத் வீடியோவில் வந்தாள். பின்னால் அவள் மாமியார், நாத்தனார், பிள்ளைகள், யாரோ வீட்டுப் பூனை. "வருஷா வருஷம் நல்லாயிருங்க!" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "ஹாஸெம் அண்ணன் எங்க?" என்று கேட்கவே, அவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பல்லைக் காட்டினான். பிள்ளைகள் "பெரியப்பா, கஹ்க்! கஹ்க்!" என்றதும் ஒன்றைக் கையிலெடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோய் மெதுவாகக் கீழே வைத்தான். நோன்பு என்று சொல்லவில்லை.

"அண்ணே, முன்னறைக்கு மஞ்சளா, வெள்ளையா? பெயின்ட்காரன் நாளைக்கு வந்துடுவான்" என்றாள் மெர்வத்.

"என்ன அவசரம் மெர்வத்? அப்புறம் பாத்துக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னான்.  போனை வைத்துவிட்டு அவன் எதிரே போய் நின்றேன்.

"ஜூன்ல நாம போறோமா, இல்லையா? பூசி மெழுகாம சொல்லு."

தட்டிலிருந்த கஹ்க்குகளை வரிசையாக அடுக்கினான். பிறகு, "மார்ச்லயே கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னும் ரெண்டு வருஷம்" என்றான்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவே."

"நான் விடுப்பை நீட்டிக்கலை. ஜூலைல சேரலைன்னா இருபது வருஷ வேலை போச்சு. தெரியுமில்ல?"

"இன்னும் நேரம் இருக்கு. மெர்வத்கிட்ட சொல்லி நீட்டிச்சுக்கலாம்."

மார்ச்சிலிருந்து ஏப்ரல் வரை, தீர்ந்த ஒவ்வொரு டப்பாவையும் நான் அவனிடம் காட்டிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அவன் பார்த்துத் தலையாட்டியிருக்கிறான்!  தட்டைத் தூக்கி எறியலாம் என்று வந்த கோபத்தைக் காலில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன். மலையுச்சிக்குப் படிக்கட்டு போகிறது. ஏறி, மேலே கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எதிரே வெறும் வெள்ளைப் புகை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்து, ஒன்றும் தெரியாத பக்கம் கையை நீட்டிச் சிரித்துவிட்டுப் போனார்கள். மதியம் கீழே இறங்கி டீக்கடையில் ஒரு டீ குடித்தேன், மறுபடியும் ஏறி உட்கார்ந்தேன். பெருநாள் அப்படித்தான் கழிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அவன் மூச்சிரைக்க ஏறி வந்தான். நாள் முழுக்கத் தண்ணீர்கூட இல்லாமல் உதடு வெடித்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தான். 

"காசுக்காகன்னு நினைச்சியா?" என்றான்.

"எதுக்காகன்னே தெரியலை."

"ஊருக்குப் போனா உனக்கு மெர்வத் இருக்கா. பிள்ளைங்க இருக்கு. உன் வேலை, உன் கூட்டாளிங்க. சாயங்காலமானா வீடு நெறைய ஆளு. நான் ஒரு மூலையில உக்காந்து எல்லாரும் போகட்டும்னு காத்துக்கிட்டிருக்கணும். எனக்கு அங்க அம்மா இல்ல, அப்பா இல்ல, இருக்கிற ஒரு அண்ணன் கனடால. உன்னை விட்டா எனக்கு யாரு?" கீழே படிக்கட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான். "இங்கன்னா உனக்கும் நான் மட்டும்தானே."

எனக்குப் பரீட்சைப் புத்தகமும் தையல் வகுப்பும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. அத்தனையையும் அடைத்தது அவன் அலட்சியம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பதினோரு வருஷம் என்னை ஆளில்லாமல் வைத்திருந்தது, தனக்கு ஓர் ஆள் வேண்டுமென்று! ஆத்திரம் வந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மனுஷி என்ன செய்வாள்?

"எனக்கு இங்க நீயும் இல்லையே, ஹாஸெம்" என்றேன்.

"என்ன இப்படிச் சொல்றே? கூடவேதானே இருக்கேன்."

"கூடவே இருந்தே. பேசலை. இன்னிக்குத்தான் முதல் தடவையா உன் மனசுல இருக்கிறதைச் சொல்றே. அதுவும் கையெழுத்துப் போட்டதுக்கப்புறம்."

அவன் போனில் பாங்கு ஒலித்தது. என் பையிலிருந்த பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்தேன். பழக்கம், கை தானாகச் செய்கிறது. அவன் பழத்தை வாயில் போடும்போதே மெர்வத் மறுபடி கூப்பிட்டாள். பகலெல்லாம் நான் எடுக்காததால் பயந்திருப்பாள். அவன் எதிரேயே ஒலியைக் கூட்டி வைத்து எடுத்தேன்.

"எங்கடி போனே? சரி கேளு, ஜூன்ல கெய்ரோ விமான நிலையத்துக்கு வண்டி சொல்லணும். பதினோரு வருஷச் சாமான் இருக்குமே, பெரிய வண்டியா சொல்லட்டுமா?"

ஹாஸெம் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.  'நானும் வர்றேன்' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்காக நான் காத்திருந்தேன். ஹலோ, ஹலோ என்று மெர்வத் இரண்டு தடவை கூப்பிடுகிற வரைக்கும் காத்திருந்தேன்.

"சின்ன வண்டி போதும் மெர்வத்" என்றேன். "நான் மட்டும்தான் வர்றேன்."

மறுநாள் காலை அவன் குளித்து, புதுச்சட்டை போட்டு, அதே பால்கனியில் தனியாக நின்று பெருநாள் தொழுதான். முடித்துவிட்டு உள்ளே வந்து, வாழ்த்துச் சொல்ல ஆளைத் தேடுவது போல அறையைப் பார்த்தான். நான் ஒருத்திதான் இருந்தேன். எனக்கு அது சாதாரணச் சனிக்கிழமை.