தியேட்டருக்குப் போன கதவு

கண்ணாடிக்கடைக்காரரின் அக்கா வீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை முதல் வாசல் இல்லை. கதவும் நிலையும் இருந்த இடத்தில் சுவர் இருந்தது; பக்கத்துச் சுவரின் அதே வெளிறிய மஞ்சள், அதே மழைக்கறை. பால் போட வந்தவர் வீட்டை இரண்டு முறை சுற்றிவிட்டுப் பாலை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். பின்வாசல் அந்த வீட்டுக்கு எப்போதுமே கிடையாது. கொத்தனார் வந்து சுவரை இடித்தார். அதன் பின்னால் இன்னொரு சுவர், மஞ்சள் பூசி, மழைக்கறையோடு. அதையும் இடித்தார், பின்னால் இன்னொன்று. மாலைக்குள் தெருவில் ஆள் உயரத்துக்குச் செங்கல் குவிந்தது, சுவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஜன்னல் கம்பியை அறுக்கப் பார்த்ததில் ரம்பம்தான் தேய்ந்தது. "இது நம்ம கையில இல்லீங்க" என்று கூலி வாங்காமல் கிளம்பிவிட்டார்.

காரணம் தெரிந்த ஒரே ஆள் கண்ணாடிக்கடைக்காரர். சைக்கிள் கடை மாடியில் அவரும் பல் டாக்டரும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரும் ஞாயிறுதோறும் தரையில் சம்மணமிட்டு, தலையில் குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டைகளால் ஊரையே சின்னதாக, வீடு விடாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேரன் விளையாட வேண்டியதைத் தாத்தா விளையாடுகிறார் என்று ஊர் சிரித்ததை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பசை தொடக்கூடாது என்பது அவர்கள் சட்டம். கட்டை குறைந்தால், யாரும் பார்க்காத வீட்டிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்வது வழக்கம். தபால் நிலையத்துக்காகப் பிடுங்கிய ஜன்னல்கள் யார் வீட்டில் காணாமல் போயின என்று ஒருவரும் விசாரித்ததில்லை. தியேட்டருக்கு ஒரு பச்சைக் கதவு குறைந்தது. அந்த மாதிரிக் கதவைக் கம்பெனி நிறுத்திப் பல காலம். கண்ணாடிக்கடைக்காரர் கட்டை ஊரில் இருந்த அக்கா வீட்டுக் கதவைக் கழற்றினார். அந்தப் பக்கம் யார் போகப்போகிறார்கள் என்றுதான் நினைத்தார். அத்தான் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு விட்டபோது அவர் கட்டைக் கண்காட்சியில் இருந்தார். பரிசுக் கேடயத்தோடு திரும்பி வந்தவரை அக்கா வாசலிலேயே நிறுத்தி, "நீயும் மரக்கட்டையாயிட்டேடா" என்றாள். அதற்குப் பிறகு அவர் அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

இப்போது ஜன்னலில் போய் நின்றார்.

"அக்கா, நான்தான்."

"தெரியுது. வாசல் போனப்புறம்தான் உனக்கு வழி தெரிஞ்சுதா?"

குரல் காலி டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "சுவரெல்லாம் புள்ளி புள்ளியா எழும்புதுடா. வழுவழுன்னு இருக்கு. காலையில பாத்தா இங்கயும் ஒண்ணு" என்று கம்பி வழியே கையை நீட்டினாள். புறங்கையில் வட்டமாக, பளபளப்பாக ஒரு குமிழ். அவர் தொட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக்.

மாடிக்கு ஓடித் தியேட்டர் கதவை இழுத்தார். அவசரத்தில் கீல் ஒடிந்து கதவு இரண்டாயிற்று. பல் டாக்டர் முதல்முறையாகப் பசை என்று வாயெடுத்தார். "ஒட்டுன கதவு திறக்காது டாக்டர்" என்றார் டிரைவர். அதே மாதிரிக் கதவு கட்டை ஊரில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கண்ணாடிக்கடைக்காரரின் வீட்டில். தனி ஆள்தான், ஆனாலும் வீடு வீடுதானே. துவைத்த சட்டைகளும் அம்மாவின் போட்டோவும் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தது. பயமாகவும் இருந்தது. பிடுங்கி அக்கா வீட்டில் வைத்து அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது.

அக்கா வீட்டு வாசலில் பச்சைக் கதவு வெயிலில் மின்னியது. தட்டக் கை வரவில்லை. அவளே திறந்தாள். புறங்கையில் குமிழ் இருந்த இடம் சிவந்திருந்தது.

"உன் வீட்டுக் கதவா?"

"ஆமாக்கா."

ஒதுங்கி வழி விட்டாள். "செருப்பக் கழட்டிட்டு உள்ள வா."

அன்றிலிருந்து அவர் அங்கேதான். வாசல் இல்லாமல் போன அவருடைய பழைய வீட்டில் காலை ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும், கொஞ்ச நேரத்தில் யாரோ நிறுத்துவார்கள். முதலில் அக்கம்பக்கத்தார் வந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிறகு அந்தச் சத்தத்தில்தான் எழுந்துகொள்ளப் பழகினார்கள். ஒருநாள் மாலை அக்காவும் தம்பியும் அந்த வழியாக வந்தபோது ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே விளக்கு எரிந்தது, கொடியில் அவருடைய சட்டைகளைக் காணோம்.

"லைட்டப் போட்டுட்டா வந்தே?" என்றாள் அக்கா.

"இல்லையேக்கா."

"அப்ப யாரோ குடியிருக்காங்க. சரி, நட."