பவளம் தியேட்டரின் பால்கனி

1

பவளம் தியேட்டர் திறப்பு விழா முடிந்தபின் வரவிருக்கும் நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரைதான் கேட்டார்கள். பால்கனி விவகாரம் காதில் விழுந்ததும் அது கதையாகிவிட்டது. (தியேட்டரின் பெயர் என் கற்பனை. சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் பக்கம் தேடி அலையாதீர்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கைவிடப்பட்ட அரசியைப் போல மழையில் நனைந்தபடி அந்தத் திரையரங்கம்…'

வேண்டாம். கூரை ஒழுகியது, அவ்வளவுதான்.

துறைமுகத் தொழிலாளியும் துணிக்கடை முதலாளியும் ஒரே வசனத்துக்குக் கைதட்டிய இடம் அது. படம் நின்றபின் கிடங்கானது. அதை மீட்க வந்த கட்டடப் பொறியாளர் ஹஸீனா. கீழே ஒரு தூண்கூட இல்லாமல் அரங்கின்மேல் நீண்டு நிற்கும் பால்கனிதான் பவளத்தின் பெருமை. அதில்தான் விரிசல்.

3

"இடிச்சிடலாம்லா. யார் தலையிலயாவது விழுந்தா?" என்றார் உரிமையாளர் அண்ணாதுரை.

"விரிசல் பூச்சுலதான் சார். உள்ள பீம் நல்லாத்தான் இருக்கு. டெஸ்ட் பண்ணிப் பாத்துடுவோம்."

"தாங்கலைன்னா?"

"நானே இடிக்கச் சொல்றேன்."

[இந்த இடத்தில் ஹஸீனா கண்கலங்கினார் என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நான் எங்க அழுதேன்? கோபம்தான் வந்துச்சு. மாத்துங்க," என்றார். மாற்றிவிட்டேன்.]

4

பெரிய ரப்பர் பைகளைப் பால்கனி முழுக்கப் பரப்பித் தண்ணீர் நிரப்பினார்கள். ஹவுஸ்ஃபுல் கூட்டத்தைவிட அதிக எடை. அண்ணாதுரை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அளவுக்கருவியிலிருந்து ஹஸீனா கண்ணை எடுக்கவில்லை.

பால்கனி துளி வளைந்தது. மறுநாள் தண்ணீரை வடித்ததும் பழைய நிலைக்கே திரும்பியது.

"பாத்தீங்களா சார், நம்ம ஊர்ல கட்டினது!"

ஹஸீனாவின் குரல் உடைந்தது. இதை அவர் மாற்றச் சொல்லவில்லை.

5

திறப்பு விழாவன்று பால்கனி நிரம்பி வழிந்தது. இனி முடிவு.

அண்ணாதுரை மேடையேறி, "பொறியாளர் சொன்னதுதான் சரி," என்று கைகூப்ப… இல்லை, அப்படி நடக்கவில்லை. ஹஸீனாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது நடந்தது, ஆனால் எல்லா விழாவிலும் நடப்பதுதானே.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கீழே முன்வரிசையில் தனக்கென்று போட்டிருந்த இருக்கையை விட்டு எழுந்த அண்ணாதுரை, படியேறி வந்து பால்கனியின் விளிம்பில் ஹஸீனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ சொன்னார். அரங்கமே நிமிர்ந்து பார்க்கும்படி ஹஸீனா சிரித்தார்.

என்ன சொன்னாரென்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிட்டார்கள்; நான் படம் பார்க்க வேண்டும்.