மறுபூசை ஆகும்வரை

தசரா விடுமுறைக்கு மைசூருக்கு வருகிறவர்கள் அரண்மனை விளக்கைப் பார்க்க வருவார்கள். என் மாமனார் சித்தையனும் மாமியார் பூவாத்தாளும் கௌதள்ளி கிராமத்திலிருந்து என் வயிற்றைப் பார்க்க வந்தார்கள். ராகி மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டு, மாமியார் நேராக வந்து என் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி நிரம்பவே இல்லை. "நீரு ரொம்பத்தான் போட்டிருக்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று முழுக்க என்னை ஒரு குறையும் சொல்லவில்லை. குறை சொல்லாத பூவாத்தாளை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை, அதனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. முதல் பிள்ளையும் ஏழாம் மாதத்தில்தான் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. பிபி ஏறியது அப்போது யாருக்கும் தெரியவில்லை. தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தேன், அவ்வளவுதான். இந்த முறை டாக்டரம்மா ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு பிபி மெஷின் இருக்க வேண்டும். மாத்திரையை விடக் கூடாது. காலையும் மாலையும் அளக்க வேண்டும். மேல் எண் நூற்றறுபதைத் தொட்டாலோ, தலை பிளந்தாலோ, கண்ணில் பூச்சி பறந்தாலோ, போட்டது போட்டபடி கிளம்பி வர வேண்டும்.

என் கணவன் கவின்ராஜ் அன்றைக்கே மெஷின் வாங்கி வந்தான். ஏழு சீட் வண்டி ஒன்றைச் சொந்தமாக ஓட்டி, டூரிஸ்ட்டுகளை ஏற்றி இறக்குவது அவன் தொழில். எவ்வளவு களைத்து வந்தாலும் என் கையில் பட்டையைச் சுற்றி, எண் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நல்லவன்தான். அதில் எனக்கு அப்போது சந்தேகமே இருக்கவில்லை.

விடுமுறை என்றால் வீடு கலகலவென்று இருக்க வேண்டும், இருந்தது. மாமனார், மாமியார் இருவரையும் கவின் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போனான், சாமுண்டி மலைக்குக் கூட்டிப்போனான். நான் அக்ரஹாரத்துப் பின்தெரு வாடகை வீட்டில் இடது பக்கமாகப் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் மாமியார் மிளகாய் பஜ்ஜியை என் மூக்குக்கு நேரே காட்டி, "உப்பு ஆகாதுன்னு டாக்டரு சொல்லீருக்குது. நீ மோந்து மட்டும் பாத்துக்க அம்மிணி," என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். உள்ளே பிள்ளை உதைக்கும். உதைத்தால் கையை வைத்துக்கொள்வேன், உதைக்காவிட்டாலும் கையை வைத்துக்கொள்வேன்.

ஆயுத பூசையன்று கவின் வண்டியைக் கழுவிச் சாமந்தி மாலை போட்டு, முன்னால் வாழைக்கன்று கட்டினான். பூசணிக்காய் உடைந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. உள்ளே சாமி அலமாரிக்கு முன்னால் பலகை போட்டு, ஜாக்கி, ஸ்பேனர், அரிவாள்மணை, மாமனார் ஊரிலிருந்து கொண்டுவந்த கொடுவாள், என் கணக்குப் பாடப் புத்தகங்கள் எல்லாம் அடுக்கியிருந்தார்கள். கர்ப்பத்துக்கு முன்னால் நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தேன். பூசையில் வைத்ததை மறுநாள் மறுபூசை ஆகும்வரை யாரும் தொடக்கூடாது. அது அவர்கள் குடும்பத்து வழக்கம், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

குனிந்து கும்பிடும்போதுதான் பார்த்தேன். கொடுவாளுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் பிபி மெஷின். நெற்றியில் சந்தனம், குங்குமம். பட்டையைச் சுருட்டி அதன்மேல் ஒரு செம்பருத்தி.

"அத்தே, இது எதுக்கு இங்க?"

"உன்னையும் வயித்துல இருக்கறதையும் காக்கற ஆயுதம் இதுதான கண்ணு? இதுக்குப் பூசை போடாம வேற எதுக்குப் போடறது?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வஞ்சகமாகச் செய்திருந்தால் அங்கேயே சண்டைக்குப் போயிருப்பேன். ஆசையாகச் செய்ததை என்ன செய்ய?

கவின் கற்பூரத்தட்டோடு நின்றான். "ரீ, சாயங்காலம் அளக்கணுமே," என்றேன். மைசூரில் வளர்ந்த எனக்கு 'ஏங்க' வராது, 'ரீ'தான் வரும். அவன் அம்மாவைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான்.

"காலையில நூத்தி நாப்பதுதான இருந்துச்சு. ஒரு வேளைதான கனகா. நாளைக்கி காலையில மொத வேலையா மறுபூசை போட்டு எடுத்தர்றேன்."

"வண்டி மட்டும் ஓடலாமா? அதுக்கும்தான் பூசை போட்டீங்க."

"வண்டி பொழப்புக் கண்ணு," என்று மாமியார் முந்திக்கொண்டார். "தசராவுல வண்டிய நிறுத்துனா சோத்துக்கு எங்க போறது? சாமிக்கே தெரியும்."

ஃபோனை யாரும் பூசையில் வைக்கவில்லை என்பதையும் சொல்லியிருப்பேன். வாயை அடக்கிக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் பிபி ஏறும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதை வைத்தே என்னை அடக்கிவிடுவார்கள்.

அன்று மாலை தலை கனக்க ஆரம்பித்தது. தெருவில் சீரியல் பல்புகள் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணை மூடினாலும் ஓடின. விளக்கை நிறைய நேரம் பார்த்ததால் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

விஜயதசமி காலையில் எழுந்தபோது கவின் இல்லை. பெங்களூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று விடிவதற்குள் கூப்பிட்டுவிட்டதாம், வந்து மறுபூசை போடுகிறேன் என்று சொல்லிப் போயிருந்தான். மோதிர விரல் மரத்துக் கிடந்தது. மோதிரம் சதைக்குள் போயிருந்தது. தலையை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போலிருந்தது.

"அத்தே, நீங்களே தீபாராதனை காட்டிருங்க. நான் ஒரு தடவ பாத்துக்கறேன்."

"பூசை போட்டவந்தான் மறுபூசை போடோணும். அவன் வந்துருவான். நீ அந்த நெம்பரப் பாத்துப் பாத்தே பயந்துக்கற. ஒருநாளு பாக்காம இருந்தீன்னா தானா எறங்கீரும்."

மாமனார் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஊர்வலத்துக்கு யானைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினார்கள். அவர் வீட்டில் பேசுகிற ஆள் இல்லை. மனைவி பேசுவதே இரண்டு பேருக்கும் போதும் என்று விட்டுவிட்டவர். ஆனால் அன்று அவர் டிவியைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவினுக்கு ஃபோன் போட்டேன். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம்.

"தலை ரொம்ப வலிக்குது ரீ. மெஷின எடுக்கறேன்."

"எடுக்காத கனகா. அம்மா சங்கடப்படுவாங்க. சீரங்கபட்ணத்துல டிராஃபிக்குல நிக்கறேன், மத்தியானத்துக்குள்ள வந்தர்றேன். டென்ஷன் ஆகாம படு."

பிள்ளை உதைத்துக் கொஞ்ச நேரமாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. எப்போது கடைசியாக உதைத்தது என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. போன முறையும் இப்படித்தான், கடைசி உதை எது என்று தெரியாமலே போனது.

ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். எடுத்த நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "பிபி எஷ்டிதெ?" எவ்வளவு என்று எனக்கும்தான் தெரிய வேண்டியிருந்தது. பார்க்கவில்லை என்றேன். மெஷின் இல்லையா என்றாள். இருக்கிறது என்றேன். அப்புறம் என்ன கேடு என்ற தொனியில், பார்த்துவிட்டு உடனே சொல்லுங்கள், இல்லையென்றால் இங்கேயே வந்துவிடுங்கள், ரோடு மூடுவதற்கு முன்னால் வாருங்கள் என்றாள்.

நான் எழுந்து சாமி அலமாரிக்குப் போனேன். மாமியார் குறுக்கே வந்து நின்றார். கையைப் பிடிக்கவில்லை, கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"வேண்டாங்கண்ணு. ஒரு தடவ குடுத்துட்டோம். இன்னொன்னையும் குடுக்க என்னால ஆகாது. சாமிகிட்ட வெச்சதப் பாதியில புடுங்காத."

அவர் பயம் எனக்குப் புரிந்தது. இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காகத்தான் பயந்தோம். ஆனால் பிள்ளை என் வயிற்றில் இருந்தது. அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, கொடுவாளை நகர்த்தி மெஷினை எடுத்தேன். பட்டைக்குள் அட்சதை உதிர்ந்தது. குங்குமம் முழங்கையில் ஒட்டியது. பொத்தானை அமுக்கினேன். பட்டை இறுகியது, இன்னும் இறுகியது, விடவே இல்லை. நூற்று எண்பத்திரண்டு. கீழே நூற்றுப் பதினெட்டு.

"பாத்தியா," என்றார் மாமியார். வாயைப் பொத்திக்கொண்டார். "தொட்டதும் ஏறிப்போச்சு பாத்தியா."

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. கண்ணில் வெள்ளைப் பொட்டுகள் பறந்தன. மாமனார் டிவியை அணைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ஒரு ஆட்டோவைக் கையோடு பிடித்து வந்துவிட்டார். மாமியார் மறுபூசைக்கு விளக்கு அணையக்கூடாது என்று வீட்டிலேயே நின்றுவிட்டார்.

ஆஸ்பத்திரி ஊர்வலப் பாதைக்கு அந்தப் பக்கம். ரோட்டை அடைத்துத் தடுப்பு போட்டிருந்தார்கள். ஊர்வலத்துக்கு இன்னும் நேரமிருந்தது, ஆனால் ஜனம் அப்போதே சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. பலூன், பீப்பி, தூரத்தில் பேண்டு. சுற்றிப் போகச் சொன்னார் போலீஸ்காரர். நான் சீட்டில் சரிந்து, மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மாமனார் இறங்கி, அந்தப் போலீஸ்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நன்ன மகளு சார். நன்ன மகளு. பிடி சார்."

என் மகள், வழி விடுங்கள் என்று கன்னடத்தில் கெஞ்சினார். மருமகள் என்று சொல்லவில்லை, மகள் என்றார். தடுப்பை இழுத்து வழி விட்டார்கள். ஜனம் காலை மடக்கிக்கொண்டது. சிலர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள், எதற்கென்று தெரியவில்லை. ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் மாமனார் என் தலையைத் தன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பிறகு எல்லாம் அவசர அவசரமாக நடந்தது. ஊசி, கையெழுத்து, சக்கரப் படுக்கை. கவின் அங்கே வந்து சேர்ந்தபோது என்னை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா படுக்கையோடு நடந்தபடியே கேட்டார்.

"நேத்து சாயங்காலம் எவ்வளவு இருந்தது? இது ஒரு மணி நேரத்துல ஏறுனது இல்ல. நேத்தே ஏற ஆரம்பிச்சிருக்கும். ஏன் பாக்கல?"

நான் கவினைப் பார்த்தேன். அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவன் என் கையைத்தான் பிடித்திருந்தான்.

"மெஷின் ரிப்பேருங்க டாக்டர்," என்றான்.

கதவு மூடியது.

பெண் பிள்ளை. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அழவில்லை, பூனைக்குட்டி போல முனகினாளாம். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் வயருமாக வைத்திருந்தார்கள். என் பிபி இறங்க ஒரு வாரமானது. அவள் பிழைப்பாளா என்று சொல்ல டாக்டர்களுக்கு இன்னும் பல நாட்கள் ஆயின. அந்த நாட்களில் இதே ஊரில் இருக்கும் என் அம்மா வேலை முடிந்து இரவில் வந்து போவார். மாமியார் தினமும் வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதார். ஒருநாள் என் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் தலையைக் கோதியபடி சொன்னார்.

"அன்னிக்கு மட்டும் நீ அதத் தொடாம இருந்திருந்தா, தங்கம் மாசம் நெறஞ்சு பொறந்திருக்கும் கண்ணு. போவுது விடு. தெரியாம செஞ்சுட்ட."

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போலீஸ்காரர் கையைப் பிடித்த மனிதருக்கு மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. நான் கவினைப் பார்த்தேன். அவன் பழம் நறுக்கிக்கொண்டிருந்தான். கத்தி நின்றது.

"கனகா, நான் சொன்ன மாதிரி கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாம்ல," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினான். டாக்டரிடம் சொன்ன பொய்யை நான் எப்படியாவது மன்னித்திருப்பேன். இது அவனுக்குப் பொய் இல்லை.

தீபாவளியும் போய், கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம்தான் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் உள்ளங்கைக்கு அடங்கும் முகம்தான். அந்த வார்டில் கௌரம்மா என்று ஒரு மூத்த நர்ஸ், சேலத்துக்காரர் ஒருவரைக் கட்டியவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பிள்ளையை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். பாலை எப்படிப் புகட்டுவது, குளிர் படாமல் எப்படி வைத்திருப்பது, எப்போதெல்லாம் மூச்சைக் கவனிப்பது.

"உதடு நீலமாச்சுன்னா யாருக்காகவும் காத்திருக்கக் கூடாதும்மா. பண்டிகையோ விசேஷமோ, அப்படியே தூக்கிட்டு வந்துடணும். சரியா? எங்கே போறீங்க? அங்கே கூட யார் யார் இருக்காங்க?"

மாமியார் புதுத் துண்டை விரித்துப் பிள்ளையை வாங்கக் கை நீட்டிக்கொண்டிருந்தார். மாமனார் பைகளைத் தூக்கிக்கொண்டார். கவின் வண்டிச் சாவியோடு என் தோளை ஒட்டி நின்றான்.

"எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்," என்றேன். "அம்மா பகல்ல வேலைக்குப் போயிருவாங்க. கூட யாரும் இல்ல சிஸ்டர். நான் ஒருத்திதான்."

கௌரம்மா அவர்கள் மூவரையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திரும்பவும் கேட்கவில்லை. கவின் மட்டும், "கனகா?" என்றான். நான் பிள்ளையின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.