முதல் கரண்டி

அண்டாவில் சாம்பார் கொதித்து ஓரங்களில் நுரை கட்டியபோது சுதா அடுப்பைத் தணித்தாள். கழுத்து வேர்வையைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, பெருங்காயத் தண்ணீரை ஊற்றி, நீளக் கரண்டியால் அடிவரை கிளறினாள். பக்கத்து மேடையில் கேரியரின் அடுக்குகள் வரிசையாகத் திறந்திருந்தன. எந்தக் குழம்பானாலும் முதல் கரண்டி அதற்குள்தான் போகவேண்டும். முதலாளி வீட்டுக்கு எடுத்த பிறகுதான் கடைக்கு.

முதலாளி ராஜமாணிக்கத்தின் மனைவி தேவகி வாழையிலைக் கட்டைப் பிரித்தபடி பேசிக்கொண்டிருந்தாள்.

"மாமா நேத்து இன்னா சொன்னாரு தெரியுமா? அந்தப் பொண்ணு கொழம்பு ஊத்தினா மாத்திர போட்றதே மறந்து பூடுதுன்றாரு. நான் வெச்சா மட்டும் மூஞ்சி கோணிக்கும் கெழவனுக்கு."

"சும்மா சொல்லாதீங்கக்கா."

"சும்மா இன்னா? நீ ஒரு நாள் லீவு போட்டா வீட்ல நாலு பேரும் என்னத் திட்றாங்க." தேவகி இலையை உதறினாள். "நாளைக்கி ஞாயித்துக்கெழம லீவு கேக்காத. பெரிய ஆர்டரு. மெட்ராஸ்லேர்ந்து படிக்கிற பசங்க வராங்க. ஏதோ பாரம்பரிய விழாவாம், பழைய கட்டடம்லாம் சுத்திப் பாக்குறாங்களாம். கொளம், சத்திரம், ரயிலு டேசன்னு நடந்து வந்து கடைசில சாப்பாடு. நீயும் நானும் போய் பரிமாறணும்."

"எங்கக்கா?"

"சர்ச் தெருவுல. அங்க செவுத்துல படம்லாம் வரைஞ்சிருக்காங்களாம்."

சுதாவின் கையில் கரண்டி நின்றது. சாம்பார் மேல் மிதந்த கறிவேப்பிலை ஒன்று மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்தத் தெருவுக்கா போறோம்னு நானும் அவர கேட்டேன்" என்றாள் தேவகி. "நாம குடுக்கத்தான போறோம், அங்க சாப்டவா போறோம்னாரு. அதுவும் சரிதான். கேரியர மூடு, ஆறிடப் போவுது."

சர்ச் தெருவில்தான் அவள் வீடு. அங்கே அவள் பெயர் ரெபேக்காள்.

ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ஒரு புளியமரம். தினமும் காலையில் அதன் மறைவில் நின்று, போன் உறைக்குள் ஒட்டி வைத்திருக்கும் பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள். சாயங்காலம் அதே இடத்தில் எடுத்து உறைக்குள் ஒட்டிவிடுவாள். மெஸ்ஸில் சேர்ந்த அன்று ஊர் பொதட்டூர்பேட்டை, தறிக்காரர் வீடு என்று சொல்லியிருந்தாள். சர்ச் தெருவில் இப்படி இரண்டு பெயர் வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை.

மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்க வந்த ஒருத்தியின் தெரு எது என்று போன வருஷம் தெரிந்துபோனது. யாரும் அவளைத் திட்டவில்லை. அன்றைய கூலியைத் தரையில் வைத்தார்கள். அவள் போன பிறகு தேவகி தவலைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, புளி போட்டுத் தவலையைத் தேய்த்தாள். தேய்க்கும்போது ரெபேக்காள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

*

பள்ளிக்கூட மதில் சர்ச்சுக்கு எதிரே நீளமாகப் போனது. வெள்ளைக்காரப் பாதிரியார் காலத்துச் சுண்ணாம்புச் சுவர். அதில் இப்போது தெருக்காரர்களின் முகங்கள் ஆள் உயரத்துக்கு இருந்தன. செருப்புத் தைப்பவர், சர்ச் மணியடிக்கும் நேசகுமார், ஆட்டோக்காரர் ஒருவர். நடுவில் ரெபேக்காள். கையில் கரண்டி, பின்னால் ஆவி. வெறும் நெற்றி. கீழே பெரிய எழுத்தில் 'ரெபேக்காள், சமையல் கலைஞர்'.

கல்லூரிப் பெண் கவிப்பிரியா வந்து உட்காரச் சொன்னபோது ஏதோ நோட்டில் வரைந்து எடுத்துப்போவாள் என்றுதான் ரெபேக்காள் நினைத்தாள். மகள் ப்ளெஸ்ஸி அம்மாவின் பெயரையும் வேலையையும் சொன்னாள். பிறகு ஒருநாள் வேலைவிட்டு வந்தபோது முகம் சுவரில் இருந்தது. அப்போதுகூடப் பயம் வரவில்லை. மெஸ் இருக்கும் மலையடித் தெருக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் வந்து அவள் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமும் கவிப்பிரியா ஏணியில் உட்கார்ந்து சர்ச் கோபுரத்துக்கு நிழல் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, என் பேர மட்டும் அழிச்சிடேன்."

"ஏன்க்கா? தப்பா எழுதிட்டேனா?"

"தப்பு இல்ல."

"அப்புறம் என்னக்கா?"

ரெபேக்காள் ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டாள். காரணம் சொன்னால் இந்தப் பெண்ணுக்குப் புரியும். புரிந்தால் கோபம் வரும். நேரே மெஸ்ஸுக்குப் போய் நியாயம் கேட்டாலும் கேட்கும்.

"கூச்சமா இருக்கா?" கவிப்பிரியா சிரித்தாள். "விழான்னா எப்பவும் கோபுரம், மண்டபம்தான். உழைக்கிறவங்க பேரு எங்கயாவது வருதா? இந்தச் சுவரே அதுக்குத்தான்க்கா. உங்க முகத்துக்குத்தான் நான் ரொம்ப நாள் எடுத்துக்கிட்டேன்."

"நல்லாத்தான் இருக்குது" என்றாள் ரெபேக்காள்.

வீட்டில் அவள் புருஷன் தானியேல் இடுப்புப் பெல்ட்டோடு சுவரில் சாய்ந்திருந்தான். ஆட்டோ கவிழ்ந்து முதுகெலும்பு நகர்ந்ததிலிருந்து அவனால் வெகுநேரம் உட்கார முடிவதில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையூன்றி நிமிர்ந்தான்.

"ஜொரம்னு சொல்லிடேன்."

"சமையல யாரு பண்றது? ஆள் அனுப்பினா பொதட்டூர்பேட்டையில எந்த வீட்டக் காட்றது?"

"வெள்ளையடிச்சிடலாமா, நைனா?" என்றாள் ப்ளெஸ்ஸி. அவள் நர்சிங் படிப்பில் இரண்டாம் வருஷம். அம்மாவின் சம்பளத்தில்தான் பஸ் பாஸும் புத்தகமும்.

"அடிச்சா விழாக்காரங்க யாரு யாருன்னு தேடுவாங்க. இன்னும் பத்து பேருக்குத் தெரியும்." தானியேல் பெல்ட்டைத் தளர்த்தினான். "போர்வையத் தொவைச்சி அந்தப் படத்து மேல கட்டு. ஈரத்துணி காயுதுன்னு வுட்டுடுவாங்க."

ப்ளெஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டாள். பெயரைச் சொன்னது அவள்.

*

மறுநாள், சாப்பாடு ஏற்றிய குட்டி யானை வண்டி சர்ச் தெருவுக்குள் திரும்பியபோது ரெபேக்காள் சாதப் பாத்திரத்தின் மூடியை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். பின்னால் உட்கார்ந்திருந்ததால் தெரு முதுகுப் பக்கமிருந்து வந்தது. முதலில் டீக்கடை. அப்புறம் தண்ணீர்க் குழாய். அங்கே குடத்தோடு நின்ற எதிர்வீட்டுக்காரி அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். பார்வை நெற்றிக்குப் போனது. பக்கத்தில் தேவகியைப் பார்த்தாள். தூக்கிய கையால் தன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

சர்ச் வளாகத்து வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். தொப்பி போட்ட பிள்ளைகள் ஓட்டுக்கூரைப் பள்ளியின் வளைவுகளை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தார்கள். மரக்கிளைகளுக்கு அப்பால், மதில்மேல், நீலக் கட்டம் போட்ட அவள் வீட்டுப் போர்வை தொங்கியது. நுனியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது.

"இன்னா அப்பிடியே நின்னுட்ட?" என்றாள் தேவகி. "கரண்டிய எடுத்துப் பரிமாறு. தயிர் சாதம் நான் பாத்துக்குறேன்."

விழாக்காரர்களோடு தெருக்காரர்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். வரிசை வந்தது. அவளோடு தினமும் குழாயடியில் நிற்கிறவர்கள், பிள்ளைப்பேற்றுக்குக் கூட இருந்தவர்கள், கடன் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் தட்டை நீட்டினார்கள். அவள் குனிந்தே ஊற்றினாள். பேர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. சின்னப் பிள்ளை ஒன்று "ரெபே அ..." என்று தொடங்கியதும் அதன் தாய் முதுகில் தட்டி இழுத்துக்கொண்டு போனாள்.

நேசகுமார் வந்தபோது அவள் இன்னும் குனிந்துகொண்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர்.

"இன்னாமா, எங்க தெருவுக்குப் புதுசா?"

அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஆங்."

"நல்லா இருக்குது வாசன. இந்த மாதிரி ஒரு சமையக்காரம்மா எங்க தெருவுல இல்லியே. சும்மா ஊத்துமா, சட்டியா கொறஞ்சிடும்?"

தேவகி சிரித்துவிட்டாள். "ஊத்து சுதா, பெரியவரு கேக்குறாரு."

அவருக்குப் பின்னால் ப்ளெஸ்ஸி. தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். ரெபேக்காள் ஒரு கரண்டி ஊற்றினாள். கை தன்னால் இன்னொரு கரண்டிக்குப் போனது.

"போதும்ங்க" என்றாள் ப்ளெஸ்ஸி.

அவள் நகர்ந்து போனாள். அடுத்த தட்டு வந்தது. ரெபேக்காள் அந்தத் தட்டில் ஊற்ற மறந்து நின்றாள்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் ஒலிபெருக்கியில் எல்லோரையும் மதில் பக்கம் கூப்பிட்டார்கள். படம் எடுக்கவேண்டும். தானியேல் போர்வைக்கு முன்னால் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"ஈரங்க. கொழந்த மூத்தரம் போயிடுச்சி. காயட்டும்."

"ஒரு அஞ்சு நிமிஷம்தான் அண்ணா. நாங்களே திரும்பக் கட்டித் தர்றோம்."

"நாறுதுங்க, தொடாதீங்க."

"பரவால்ல அண்ணா." விழாப் பனியன் போட்ட பிள்ளைகள் இரண்டு பேர், கவனமாக, கீழே விழாமல் போர்வையை எடுத்து மடித்தார்கள். கூட்டம் கை தட்டியது.

தேவகி கை கழுவிய ஈரத்தோடு வேடிக்கை பார்க்கப் போயிருந்தாள். ரெபேக்காள் மேசையின் பின்னாலிருந்து அவள் முதுகை மட்டும் பார்த்தாள். இடமிருந்து வலமாக அந்தத் தலை மெல்ல நகர்ந்தது. நடுவில் நின்றது. பறை நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நின்றது. தலை அசையவில்லை. கவிப்பிரியா பக்கத்தில் வந்து சுவரைக் காட்டி உற்சாகமாக ஏதோ சொன்னாள். தேவகி தலையை ஆட்டினாள். அப்புறம் திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

மேசையருகில் வந்து மிச்சமிருந்த வடைகளை எண்ணெய்த் தாளில் சுற்றினாள். ரெபேக்காள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்திரத்த வண்டியில ஏத்து" என்றாள் தேவகி.

திரும்பும் வழியில் தேவகி முன்னால், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

*

ராத்திரி தானியேல், "பாத்தாங்களா, பாக்கலியா?" என்று கேட்டான். தேவகி பார்த்ததை ரெபேக்காள் பார்த்தாள். ஆனால் ஒரு வார்த்தையும் வரவில்லை. திட்டியிருந்தால் அழுதிருக்கலாம்.

"வேலைய வுட்டு நிறுத்தறதுன்னா நேத்தே நிறுத்தியிருப்பாங்க இல்ல?" என்று காலையில் ப்ளெஸ்ஸி கேட்டாள். ரெபேக்காள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

புளியமரத்தடியில் நின்று ரெபேக்காள் போன் உறையைத் திறந்தாள். பொட்டைப் பார்த்தாள். மூடிவிட்டு நடந்தாள். எப்படியும் அனுப்பிவிடுவார்கள். இதோடு முடியட்டும்.

மெஸ்ஸின் பின்வாசலில் ராஜமாணிக்கம் காய்கறி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பார்வையைத் தக்காளிக் கூடைக்குத் திருப்பிக்கொண்டார். தேவகி உள்ளேயிருந்து வந்தாள். அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. தெருவில் திருப்பதி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

தேவகி உள்ளே போனாள். கூலியை எடுக்கப் போகிறாள் என்று ரெபேக்காள் நினைத்தாள். தரையில் வைப்பாளா, கையில் தருவாளா என்று நினைத்தாள்.

தேவகி புதிய ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"வெச்சிக்கோ சுதா. கூட்டம் வர நேரம்."

ரெபேக்காள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். பொட்டை எடுத்து ஒட்டினாள், அது அவசரத்தில் கோணலாக ஒட்டியது. பருப்பை வேகப்போட்டாள். புளி கரைத்தாள். முருங்கைக்காய் நறுக்கினாள். என்றைக்கும் இல்லாத வேகத்தில் கை ஓடியது. சாம்பார் கொதி வந்து நுரை கட்டியதும் தணித்து, பெருங்காயத் தண்ணீர் ஊற்றி, அடிவரை கிளறி, முதல் கரண்டியை மொண்டுகொண்டு பக்கத்து மேடைக்குத் திரும்பினாள்.

மேடை துடைத்துக் காலியாக இருந்தது.

கரண்டியோடு நின்று தேடினாள். கேரியர் சமையற்கட்டின் அந்த மூலையில், தண்ணீர்த் தவலைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே புதிதாக ஒற்றை அடுப்பு ஒன்று. அதன் அட்டைப்பெட்டி இன்னும் பிரித்தபடி கிடந்தது. அடுப்பின் மேல் சின்னச் சட்டியில் முதலாளி வீட்டுக்கு மட்டுமான குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தேவகி இவளுக்கு முதுகு காட்டி நின்று அதைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

வெளியே முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. "சுதா, சாம்பார்!" என்று ராஜமாணிக்கம் கல்லாவிலிருந்து கூப்பிட்டார்.

ரெபேக்காள் கரண்டியிலிருந்ததைத் திரும்ப அண்டாவிலேயே ஊற்றினாள்.